சித்தப்பாவுக்கு எழுபத்தொன்று, தாய்மாமனுக்கு மூன்று

முப்பத்தைந்து வயதில் பணி ஓய்வு பெற்றவள் நான். கும்பகோணத்தில் ஸ்டூடியோவின் ஷட்டரைக் கடைசியாக இறக்கிய அன்று, முதலாளி ஹாஜா பாய் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையே எனக்குப் பரிசாகக் கொடுத்தார். பதினைந்து வருட உழைப்புக்கு நடந்த பிரிவுபசார விழா அதுதான். மாலை கிடையாது, சொற்பொழிவு கிடையாது. நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.

இதை எழுதக் காரணம், போன மாதம் ஒரு கல்யாணத்தில் சந்தித்த இரண்டு பெண்கள். வீடியோ எடிட்டிங் வேலை பார்க்கிறார்கள். நானும் அந்தத் தொழிலில் இருந்தவள் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஷாட்டுகளையெல்லாம் கையாலா பிரித்தீர்கள் என்று கேட்டார்கள். நெல்லைக் கையால் குத்தினீர்களா என்று கேட்கிற அதே குரல். கையால் இல்லையம்மா, சாஃப்ட்வேரால்தான் என்றேன். கொஞ்சம் ஏமாந்துபோனார்கள். இப்போது முகத்தைப் பார்த்துப் பேரைக்கூட மெஷினே சொல்லிவிடுகிறதாம். நல்லது. எங்கள் காலத்தில் பேர் சொல்வதற்கு மனிதர்கள் வந்தார்கள். அதனால் என்ன ஆயிற்று என்பதை அந்தப் பந்தியில் சொல்லி முடிக்க நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் உண்டு, ஓட்டுப் போட. படிக்கப் போனது நான்தான். பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல். அந்தப் பட்டத்தோடு ஹாஜா பாயிடம் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று நாள் பயிற்சி என்றார். முதல் நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், ‘கத்துக்கிட்டீங்கல்ல, வேலையை ஆரம்பிங்க’ என்றார். நானும் தலையை ஆட்டினேன். படித்தவள் தெரியாது என்று சொல்லலாமா?

வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் என்று இருந்த காலம். எங்கள் பக்கத்து ஊர்களில் ஆண்கள் பாதிப்பேர் மஸ்கட்டிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கல்யாணங்கள் இங்கே நடக்கும், லீவு கிடைக்காமல் அவர்கள் அங்கே இருப்பார்கள். கல்யாண கேசட் அங்கே போயாக வேண்டும். கேசட் சிடியாக மாறிய சமயத்தில் ஹாஜா பாய் குவைத்திலிருந்து திரும்பி வந்தார். கூத்தாநல்லூர்க்காரர். குவைத்தில் ஒரு டிவி கம்பெனியில் இருந்ததாகச் சொல்வார். என்ன வேலை என்று கேட்டால், ‘எல்லாம் நம்மளைத் தாண்டித்தான் உள்ள போகும்’ என்பார். வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார் என்பது எனக்கு நாலாவது வருடம்தான் தெரிந்தது. பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

பாய் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சாதாரண நாளில் நான் ‘வளரு.’ கோபம் வந்தால் ‘வளர்மதி.’ கடுங்கோபம் என்றால் ‘மேடம்.’ ‘உக்காருங்க மேடம், தண்ணி குடிங்க மேடம்’ என்று ஆரம்பித்தால் நான் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். திரையை அவர் பார்த்து நான் கண்டதில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்து காதால் கேட்பார். ஒலியை வைத்தே, ‘இப்ப மாலை மாத்துறாங்க, இப்ப தாலி, இப்ப பொண்ணோட அத்தை சண்டையை ஆரம்பிக்கிறா’ என்று சொல்லிவிடுவார். கண்ணெல்லாம் கஸ்டமர் முகத்தில் இருக்கும். திரையில் கல்யாணம் நடக்கிறது, வியாபாரம் அந்த முகத்தில்தான் நடக்கிறது என்பது அவர் எண்ணம்.

குவைத்திலிருந்து அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. வேலை இதுதான். வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள். ஒரு படத்தையும் அடுத்த படத்தையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால், கேமரா நிறுத்தப்பட்டு வேறு இடத்தில் மறுபடி ஆரம்பித்திருக்கிறது, அதாவது அங்கே ஒரு வெட்டு, அதற்கப்புறம் புது ஷாட் என்று முடிவு செய்யும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு எண், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதன் முதல் படம் தபால் தலை அளவில். இந்தப் பட்டியலில் யார், என்ன, எங்கே என்று நான் தட்டச்சு செய்ய வேண்டும். அதை அச்செடுத்து சிடிகளோடு கொடுப்போம், அதற்குப் பெயர் ஷீட்.

யார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கல்யாண வீட்டிலிருந்து ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்காருவார். பெரும்பாலும் ஒரு அத்தை அல்லது சித்தி. ஸ்டூடியோவில் அவருக்குப் பெயர் ‘ஆள்காட்டி’. ‘இது மூத்த ஓரகத்தி. புடவையைப் பாரு, நாங்க எடுத்துக்குடுத்தது. மூஞ்சியைப் பாரு, அது அவளோடது’ என்று இரண்டு மணி நேரம் ஓடும். தஞ்சாவூர் ஜில்லாவின் குடும்பச் சண்டைகளில் கால்வாசி எனக்கு அத்துபடி.

கடைசிப் பக்கத்தில், யார் எத்தனை ஷாட்டில் வருகிறார்கள் என்று ஒரு தொகுப்பு. அதைச் சேர்க்கச் சொன்னது பாய். அதன் கீழே ‘தயாரிப்பு: இரா. வளர்மதி, பி.எஸ்சி.’ என்று போட்டுக்கொண்டது நான்.

அந்தக் கடைசிப் பக்கம்தான் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வெளிநாட்டில் இருப்பவர்கள் நாலு சிடியையும் போட்டுப் பார்ப்பார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அவர்கள் ஷீட்டைப் பார்த்தார்கள். பெரியப்பா இருபது, அத்தை வீட்டுக்காரர் ஆறு. ஆறு ஏன்? என்ன கோபம்? போன் பறக்கும். கொஞ்ச நாளில் உள்ளூரிலும் இது தொற்றிக்கொண்டது. கல்யாணத்துக்குப் போய்வந்தவர்கள், ‘உங்களுக்கு எவ்வளவு?’ என்று பரீட்சை மார்க் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார்கள். வேளாங்கண்ணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதர், தன் மகள் கல்யாணத்தில் தன்னைவிடச் சம்பந்திக்கு ஒன்பது ஷாட் அதிகம் என்று நேரிலேயே வந்து நியாயம் கேட்டார்.

அந்த மார்க்குகள் எப்படி விழுகின்றன என்பது எனக்கு முதல் மாதமே தெரியும். போட்டோகிராபர் பிளாஷ் அடிக்கும்போது வீடியோவில் ஒரு படம் வெள்ளையாகிவிடும். சாஃப்ட்வேருக்கு அது பெரிய வித்தியாசம். உடனே புது ஷாட். தாலி கட்டும் நேரத்தில் இருபது பிளாஷ் அடித்தால் இருபது ஷாட். கேமரா அசையவே இல்லை, மாப்பிள்ளையும் அசையவில்லை, பட்டியல் மட்டும் பெருகிக்கொண்டே போகும். ஆகவே மேடையில் போட்டோகிராபர் பக்கத்தில் நின்றவர்கள் உறவில் உயர்ந்துகொண்டே போனார்கள். கீழே ஓடியாடி வேலை செய்தவர்கள் தேய்ந்துகொண்டே போனார்கள்.

பாயிடம் சொன்னேன். ‘கூடுதலா இருக்குன்னு யாராச்சும் சண்டைக்கு வந்தாங்களா வளரு?’ என்றார். இல்லை என்றேன். ‘அப்ப சரியாத்தான் இருக்கு’ என்றார்.

மூன்று வருடம் நான் அதற்கு மேல் பேசவில்லை. தவறென்று தெரிந்த பட்டியல்களுக்குக் கீழே பட்டத்தோடு பெயரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பா சேகர் மஸ்கட்டில். லீவு கிடைக்கவில்லை. அவர் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று சொன்ன ஒரே ஆள், பெண்ணின் தாய்மாமன் கோவிந்தராஜ். அது சேகருக்குப் பிடிக்காமல் இருவருக்கும் போனில் வாக்குவாதம். ஆனாலும் சேகரின் மனைவி சரோஜாவுக்குத் துணையாக நின்று கல்யாணத்தை நடத்தி முடித்தவர் அவர்தான். சேகரின் தம்பி ரவி சிங்கப்பூரிலிருந்து மனைவியோடு விமானத்தில் வந்திறங்கி, மேடை ஏறி, இறங்காமல் நின்றார். ஆள்காட்டியாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அந்த ரவியின் மனைவி. புருஷன் வரும் இடத்திலெல்லாம் ‘இது அவங்கதான்’ என்று திரையைத் தொட்டுக் காட்டினார். பந்தி வந்தபோது தபால் தலையில் வெறும் வாழை இலைகள்தான் தெரிந்தன. ‘இதுல யாரும் இல்ல, அடுத்ததைப் போடும்மா’ என்றார். நான் போட்டுப் பார்க்காமலே ‘பந்தி, பொது’ என்று அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஷீட் மஸ்கட் போயிற்று. ரவி எழுபத்தொன்று. கோவிந்தராஜ் மூன்று.

பத்து நாள் கழித்துச் சரோஜா அம்மா ஷீட்டின் நகலோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். அழவில்லை. பஸ்ஸில் அழுது முடித்திருப்பார் போல. மச்சான் மனதில் வஞ்சம் வைத்துக்கொண்டு மூன்று தடவை தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டான் என்று சேகர் போனில் தீர்ப்பு சொல்லிவிட்டாராம். சின்னப் பெண் நித்யாவை கோவிந்தராஜின் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அந்த வீட்டுக்கு இனிமேல் பெண் கிடையாது என்று அதையும் முறித்துவிட்டாராம்.

‘எங்கண்ணன் ரெண்டு நாளா ஒரு வாய் சாப்புடல. அவரு வரவே இல்லைன்னு எழுதியிருக்கியேம்மா. நீ படிச்ச பொண்ணுதானே?’ என்றார்.

அவர் போனபிறகு சிடியைப் போட்டேன். மூன்றாவது சிடி, பதினாலாவது நிமிடம். கேமராக்காரர் பந்தியில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். பிளாஷ் கிடையாது, ஆகவே வெட்டும் கிடையாது. பதினொரு நிமிடம் ஒரே ஷாட். முதல் படத்தில் வாழை இலைகள். இருபதாவது விநாடியில் ஒருவர் சாம்பார் வாளியோடு உள்ளே வருகிறார். பிறகு போகிறார், வருகிறார். சோறு, ரசம், இலைக்கு இலை குனிகிறார். ஒரு குழந்தைக்கு அப்பளத்தை நொறுக்கி வைக்கிறார். வேட்டி முழுக்கச் சாம்பார். கோவிந்தராஜ்.

மூன்று நாள் உட்கார்ந்து முழுக் கல்யாணத்தையும் மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு வெட்டையும் காதால் சோதித்தேன். மேளச் சத்தம் அறுபடாமல் போனால் அது வெட்டு இல்லை, பிளாஷ். அதற்கு இரு பக்கமும் இருந்த ஷாட்டுகளை ஒன்றாகச் சேர்த்தேன். ரவியின் எழுபத்தொன்று சுருங்கிச் சுருங்கி நாலாயிற்று. கோவிந்தராஜுக்கும் நாலு. பேருக்குப் பக்கத்தில் நிமிடத்தையும் போட்டேன். நிமிடக் கணக்கில், பெண் மாப்பிள்ளையை விட்டால் முதல் பேராக கோவிந்தராஜ் வந்து நின்றார்.

பாய் அந்தத் தாளைக் கையில் வாங்கினார். ‘உக்காருங்க மேடம்’ என்றார்.

தண்ணீரும் கொடுத்தார். இதைத் திருத்தினால் மூன்று வருடமாகக் கொடுத்த அத்தனை ஷீட்டும் திரும்பி வரும் என்றார். ஊரில் நூறு சித்தப்பாக்கள் இருக்கிறார்கள், அத்தனை பேரையும் எழுபதிலிருந்து நாலுக்கு இறக்கினால் ஸ்டூடியோ இருக்குமா என்றார். எல்லாம் மேடம், மேடம் என்றுதான். தப்பான தாளில் என் பெயர் இருக்கிறது பாய் என்றேன். ‘பேரை எடுத்துடுங்க மேடம்’ என்றார். மாட்டேன், தப்பைத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே சரோஜா அம்மாவுக்குப் போன் செய்து, ஷீட்டைத் திருத்தித் தருகிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரிப் பை, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை. வீடியோவில் பார்த்த முகம். நித்யா.

‘அக்கா, ஷீட்டை மாத்தப் போறீங்களாமே. அம்மா சொன்னாங்க.’

தப்பாக இருக்கிறது, மாற்றாமல் என்ன செய்வது என்றேன்.

‘மாத்தாதீங்கக்கா.’

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. மாமா மகன்மேல் ஒரு குறையும் இல்லையாம். நெல் அறுப்பு மெஷின் வாடகைக்கு விடுகிறான், நல்லவன். இவளுக்கு சி.ஏ. படிக்க வேண்டும். தை பிறந்தால் நிச்சயம் என்று இருந்தது. யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தபோது அப்பாவே கூப்பிட்டுக் கல்யாணம் இல்லை என்று சொல்லிவிட்டார். அவளுக்கு அது சாமி கொடுத்தது. கொடுத்தது சாமி இல்லை, ஒரு பிளாஷ் லைட்டும் நானும் என்று அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் மாமா கல்யாணத்துக்கே வரவில்லை என்று ஊர் பேசுமே என்றேன். பையின் கயிற்றைத் திருகினாள்.

‘மாமா ரொம்ப நல்லவருக்கா. அதனாலதான் சொல்ல முடியல.’

அந்த இடத்தில் எனக்கும் ஆசை வந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும், பாய்க்கும் சந்தோஷம், இவளுக்கும் படிப்பு. படிப்புக்காக எத்தனை பொய் சொல்லலாம் என்று என்னிடம் கேட்டால் நான் நியாயமான பதில் சொல்லமாட்டேன், நானே நிறையச் சொல்லித்தான் படித்தேன். ஆனால் அந்தப் பொய்களெல்லாம் என் தலையில் விழுந்தன. இது பந்தியில் குனிந்து நிமிர்ந்த ஒரு மனிதர் தலையில் விழுகிறது.

‘ஷீட்டு திங்கக்கெழமைதான் தருவேன்’ என்றேன். ‘இன்னைக்கு வியாழன். நாலு நாள் இருக்கு. உங்க மாமாகிட்டயே போய்ச் சொல்லு.’

‘அவருகிட்டயேவா?’

‘நல்லவருன்னு நீதானே சொன்னே. கெட்டவங்ககிட்ட சொல்றதுதான் கஷ்டம்.’

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். மிகவும் தைரியமாகப் பேசிவிட்டேன் என்று எனக்கே தோன்றியது. அடுத்தவர்களுடைய மாமாவிடம் தைரியமாக இருப்பது எல்லோருக்கும் எளிது.

திங்கட்கிழமை சரோஜா அம்மாவும் கோவிந்தராஜும் சேர்ந்தே வந்தார்கள். திரையில் பார்த்ததைவிட ஆள் குள்ளம். தன்னைத் தப்பாக எழுதினவளைப் பார்க்க வந்தவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அந்தப் பதினொரு நிமிடத்தையும் பார்த்தார். பாயும் பக்கத்தில் வந்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக, திரையைப் பார்த்தார்.

‘கடைசி வரிசைக்குப் பாயசம் போகல’ என்றார் கோவிந்தராஜ். ‘அப்பவே சொன்னேன், எவன் கேட்டான்?’

பிறகு புதுத் தாளைக் கையில் கொடுத்தேன். மூன்று வருடத் தப்பையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். தங்கையிடம் திருப்பிக் கொடுத்தார்.

‘இதை அனுப்பிவுடு சரோஜா. மச்சான் பாத்துட்டு போன் பண்ணுவாரு. தப்பா நெனச்சுட்டேன்னுவாரு. சரின்னுடு. ஆனா பொண்ணு வேணாம்னு நான் சொன்னதாச் சொல்லிடு.’

‘என்ன அண்ணே பேசுறீங்க?’

‘ஒரு காயிதத்தைப் பாத்து நான் வரலைன்னு நம்புன வீட்டுல எப்புடிச் சம்பந்தம் பண்றது? எனக்கு ரோஷம் இருக்காதா?’

சரோஜா அம்மா எவ்வளவோ சொன்னார். அவர் அசையவில்லை. ரோஷக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒன்பது ஷாட்டுக்காகச் சண்டைக்கு வந்தவரையும் சேர்த்து. பாயசத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே ரோஷப்படுகிறவரை அன்றுதான் பார்த்தேன். சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பார்க்க வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார்.

‘சனிக்கெழம அந்தப் புள்ள வயலுக்கே வந்துடுச்சு. வரப்புல நின்னுக்கிட்டு ஒரே அழுகை. பழி என் மேலயே இருக்கட்டும். எனக்குத் தாங்கும். அதுக்குத் தாங்காது.’

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

பாய் பயந்தது போல ஸ்டூடியோ இடிந்து விழவில்லை. அடுத்த வாரமே வாசலில் போர்டு வைத்தார்: ‘இப்போது நிமிடக் கணக்குடன்’. நான் மறுபடி வளரு ஆனேன். பழைய ஷீட்டுகள் சில திரும்பி வந்தன, சில சித்தப்பாக்கள் கூச்சல் போட்டார்கள், திருத்திக் கொடுத்தோம். பிளாஷ் பக்கத்தில் கூட்டம் குறைந்தது. அதற்குப் பதில் பந்தியில் ஒரு புதுமை. தங்கச் செயினும் மடிப்புக் கலையாத பட்டு வேட்டியுமாகப் பெரிய மனிதர்கள் கேமரா வந்ததும் சாம்பார் வாளியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். ஒரு கல்யாணத்தில் ஐந்து வாளி, நாலு இலை. கேமரா நகர்ந்ததும் வாளி தரையில். அவர்களுடைய நிமிடங்களையும் நான் ஒழுங்காக எண்ணிப் போட்டேன். அரை நிமிடம், முக்கால் நிமிடம்.

ஒரு மாதம் கழித்து மஸ்கட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு போன் வந்தது. பாய் எடுத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். சேகர்.

‘நீதான் அந்த பி.எஸ்சி.யா? முன்னாடி மூணுன்னு போட்டே. இப்ப மொதப் பேரா போட்டிருக்கே. எது சரி?’

‘ரெண்டாவதுதான் சார் சரி. முன்னாடி பண்ணது என் தப்பு. மன்னிச்சுக்குங்க.’

‘சுலபமாச் சொல்லிட்டே. என் மச்சான் சம்பந்தமே வேணாம்னுட்டான். மூணு தடவை போன் பண்ணிட்டேன். உன் பேப்பரை நம்பினதுக்கு எனக்கு இது வேணும்.’

குரல் உடைந்திருந்தது. கோபம் மட்டும் இல்லை அதில். ஷீட்டை நம்பிக் கோபப்பட்டவர், இப்போது இன்னொரு ஷீட்டை நம்பி வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

‘சிடியைப் பாத்தீங்களா சார்?’

‘நாலு மணி நேரம் யாரும்மா உக்காந்து பாக்குறது? அதுக்குத்தானே ஷீட்டு கேக்குறோம்.’

‘மூணாவது சிடியைப் போடுங்க சார். பதினாலாவது நிமிஷம்.’

‘அதுல என்ன இருக்கு?’

‘உங்க பொண்ணு கல்யாணம் சார்.’